பெரில் சித்தியும் ஏழு அங்குல நாயும்

எங்கள் குடும்பப் பதிவேட்டில் மணமாகாதவர்களுக்கு ஒரு வரிக்கு மேல் இடமில்லை. "பெரில் அஷ்வொர்த், பிறப்பு 1953, பேக்கப், பேருந்து ஓட்டுநர், மணமாகவில்லை" என்று என் தாயின் தங்கையைப் பற்றி அதில் எழுதியிருக்கிறது. எழுதியது என் தாய். பதினெட்டு ஆண்டுகளாகப் பதிவேடு என் பொறுப்பில் இருந்தும் அந்த வரியோடு ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை. அவருடைய அண்ணன் ஆர்தருக்கு நான்கு பக்கங்கள் இருக்கின்றன. அவர் செய்ததெல்லாம் இரண்டு முறை மணம் செய்துகொண்டதும் ஒரு கடையை நொடித்துப்போக விட்டதும்தான்.

ஆகவே சென்ற கோடையில் நடந்ததையும், அது புரிவதற்கு வேண்டிய முன்கதையையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதில் தவறு செய்தவன் என் உடன்பிறந்த தம்பி டீன். நான் அவனுக்கு அக்கா; ஆனாலும் அவன் பெயரை மாற்றவில்லை. அவன் சொன்ன சொற்களையும் மென்மையாக்கவில்லை.

சித்தி முப்பத்தோரு ஆண்டுகள் எங்கள் பள்ளத்தாக்கில் பேக்கப், ராட்டன்ஸ்டால் என்ற இரண்டு ஊர்களுக்கு இடையே பேருந்து ஓட்டினார். அவருடைய கோபம் பள்ளத்தாக்கு முழுவதும் பிரசித்தம். வண்டியில் ஏறியவன் ஒருவன் தன் நாயைக் காலால் இருக்கைக்கு அடியில் தள்ளினான் என்பதற்காக, கொட்டும் மழையில் வண்டியை நிறுத்தி, "நாய் வரலாம், நீ இறங்கு" என்று சொல்லிவிட்டார். அவன் இறங்கினான். நாயும் அவனோடு இறங்கியதுதான் சித்திக்கு ஆறவே இல்லை.

ஃப்ளைபாலுக்கு அவரை இழுத்து வந்தவன் டீன். இந்த விளையாட்டில் இரண்டு அணிகள் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் ஓடுகின்றன. அணிக்கு நான்கு நாய்கள். ஒரு நாய் நான்கு தடைகளைத் தாண்டிக் கடைசியில் இருக்கும் பெட்டியின் சரிந்த முகப்பில் பாய்கிறது. மிதிபட்டதும் பெட்டி பந்தை உமிழ்கிறது. பந்தைக் கவ்விக்கொண்டு அதே வழியே அது திரும்பியதும் அடுத்த நாய் விடப்படுகிறது. தடைகளின் உயரத்தை ஓடும் நால்வரில் மிகக் குட்டையான நாயின் உயரம் தீர்மானிக்கிறது. அதனால் ஒவ்வொரு அணியும் ஒரு குட்டை நாயை வைத்திருக்கும். 'அளவு நாய்' என்று அதற்குப் பெயர். அதன் வேகத்தை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. அது ஓடுகிறது என்பதனாலேயே மற்ற மூன்று நாய்களுக்கும் தடைகள் தாழ்கின்றன.

சித்தியின் இடம் பெட்டிக்குப் பின்னால். பத்தொன்பது ஆண்டுகள் அங்கே நின்று, ஒவ்வொரு நாய்க்கும் பந்து வைத்து, நிமிர்ந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வது அவர் வேலை. நாய்களின் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பவர் களத்தில் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் வாலைத்தான் பார்க்கிறார்கள். நல்ல நாய் பெட்டியில் பாயும்போது நான்கு பாதங்களுக்கும் ஒரே ஓசை கேட்கும் என்பார். ஓசை இரண்டாகப் பிரிந்தால் எங்கோ வலிக்கிறது என்று பொருள். "இந்த ஸ்லேட் நாய்க்கு முன்னங்கால் போச்சு, வீட்ல வைங்க" என்று அவர் சொன்னால், மூன்று வாரம் கழித்துக் கால்நடை மருத்துவரும் அதையேதான் சொல்வார்.

அப்படி ஓய்வுபெற்ற நாய்களைச் சிலர் இருக்கையில் மெத்தை போட்டுக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அவர்களைப் பற்றி எனக்குக் குறையில்லை. மற்றவர்கள் அடுத்த குட்டியை வாங்கிவிடுகிறார்கள். வீட்டில் இடம் போதவில்லை. பழைய நாயை ஒரு வாரும் பாதி மூட்டைத் தீனியுமாகச் சித்தியின் சமையலறை வாசலுக்குக் கொண்டுவருகிறார்கள். எங்கள் ஊர் ஃப்ளைபால் கழகத்தில் இது வழக்கமாகிவிட்டது. எவரும் காகிதம் எதையும் கொண்டுவருவதில்லை. போட்டிகளை நடத்தும் சங்கத்தில் நாயின் பதிவு அட்டை பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். அந்த அடுத்த வாரம் வந்ததே இல்லை. காகிதங்களே வாழ்க்கையாக இருக்கும் நானாவது எச்சரித்திருக்க வேண்டும். எச்சரிக்கவில்லை.

ஓய்வுபெற்ற நாய்களோடு வாழ்வதற்கென்று சில விதிகள் உண்டு. மிதித்துத் திறக்கும் குப்பைக்கூடை சித்தியின் வீட்டில் கிடையாது. அந்த மிதியோசை கேட்டால் ஐந்து நாய்களும் பந்துக்காகச் சுவரில் பாயும். செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்குப் பயிற்சி நேரம் என்பதால் அவை தாமாகவே வாசலில் வரிசையாக நிற்கும். பன்னிரண்டு வயது ஸ்லேட்டுக்குக் கண் பாதிதான் தெரியும்; ஆனாலும் அந்த வரிசையில் முதலிடம் அவனுக்குத்தான்.

மிட்ஜ் அங்கே வந்தது சென்ற கோடைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன். ஒரு கையில் அடங்கும் டெரியர் இனக் கலப்பு நாய். டீனுடைய அளவு நாய். ஆறு ஆண்டுகள் அவன் அணிக்காக ஓடியது. வலது தோள் தேய்ந்துவிட்டது, இனி ஒரு படிகூடத் தாண்டக் கூடாது என்று மருத்துவர் சொன்ன மறுவாரம் அவன் அதைக் கொண்டுவந்தான். நான் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்ததால் என் காதாலேயே கேட்டேன்.

"சித்தி, இவளைக் கொஞ்ச நாள் பாத்துக்கறியா?"

"கொஞ்ச நாள்னா எவ்ளோ நாள்டா?"

"அது வந்து... பிப்னு புதுசா ஒரு குட்டி வந்துட்டா. வீட்ல ஆறு நாய் ஆயிடுச்சு. மிஷெல் கத்தறா."

"உன் பொண்டாட்டி கத்தட்டும். உனக்கு இவ வேணுமா வேணாமா?"

"உன்கிட்ட இருந்தா நல்லா இருப்பா."

"அது எனக்கே தெரியும். நான் கேட்டது வேற."

டீன் தன் காலணியைப் பார்த்தான். "வேணாம்" என்றான். மிட்ஜ் அவன் காலருகே உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் குனிந்து அதைத் தொடாமலே கிளம்பிப் போனான்.

சென்ற ஜூனில் ஆண்டுப் போட்டி நடந்தது. கண்காட்சித் திடலில் மூன்று நாள், கூடாரங்களும் வண்டிவீடுகளும் சேறும். சித்தி எப்போதும்போல் ஐந்து நாய்களோடும் தன் வேனில் வந்து தங்கினார். நானும் மடக்கு நாற்காலியோடு போயிருந்தேன். டீனின் அணி பதினோரு ஆண்டுகளில் முதன்முறையாக முதல் பிரிவுக்கு வந்திருந்தது. போட்டிக்கு முந்தைய புதன்கிழமை, புதிய அளவு நாயான பிப்புக்குப் பருவம் வந்துவிட்டது. பருவத்தில் இருக்கும் பெண் நாயைத் திடலுக்குள்ளேயே விடமாட்டார்கள்; விட்டால் ஆண் நாய் ஒன்றுகூடப் பந்தைத் திரும்பிப் பார்க்காது. பிப் இல்லாவிட்டால் தடைகள் ஏழு அங்குலத்திலிருந்து பதினொன்றுக்கு ஏறிவிடும். டீனின் மற்ற மூன்று நாய்களும் கோலி இனத்தவை; அந்த உயரத்தில் அவை அரை நொடி இழக்கும். அந்த விளையாட்டில் அரை நொடி என்பது தோல்வி.

வெள்ளி மாலை அவன் சித்தியின் வேனுக்கு வந்தான். பன்றி இறைச்சி வைத்த ரொட்டி ஒன்றை அவருக்காக வாங்கி வந்திருந்தான். அதைப் பார்த்ததுமே சித்திக்கு விளங்கிவிட்டது.

"யாரு செத்தது?" என்றார்.

"என்ன சித்தி நீ. சும்மா ஒரு ரொட்டி வாங்கித் தரக் கூடாதா?"

"பத்தொன்பது வருஷத்துல நீ எனக்கு ஒரு தக்காளி சாஸ் பொட்டலம் வாங்கித் தந்ததில்ல. விஷயத்தைச் சொல்லு."

"மிட்ஜ் நாளைக்கு ஓடணும்."

சித்தி ரொட்டியை அவன் கையிலேயே திணித்தார். "போடா."

"வேகமா ஓட வேணாம் சித்தி. நடந்து போனாக்கூடப் போதும். மத்த மூணும் பாத்துக்கும்."

"பெட்டியில நடந்து போய் ஏறுவாளா அவ? பந்தைப் பாத்தா உசுரை விட்டுப் பாய்வா. தெரிஞ்சுதானே கேக்கற?"

"ஒரே ஒரு நாள்."

"அவளுக்கு இருக்கறது ஒரே ஒரு தோள்."

அப்போதுதான் டீன் அதைச் சொன்னான். குரலை உயர்த்தாமல், ஏதோ வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் சொன்னான். "நான் கேட்டது மரியாதைக்கு. அட்டை என் பேர்லதான் இருக்கு. பட்டியல்ல அவ பேரை மத்தியானமே குடுத்துட்டேன்."

சித்தி வேனின் கதவை இழுத்து மூடினார். எடுத்துக் காட்ட அவரிடம் ஒரு காகிதமும் இல்லை. அவரிடம் இருந்தது அந்த "வேணாம்" ஒன்றுதான். அதைக் கேட்டவர்கள் நாங்கள் இருவர்.

மறுநாள் காலை சித்தி தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் டீன் வேனைத் திறந்து மிட்ஜைத் தூக்கிக்கொண்டு போனான். ஓராண்டுக்கு மேல் களத்தில் இறங்காத நாயை மறுபடி அளந்த பிறகே ஓட விடுவார்கள். அளக்கும் கூடாரத்தில் ஒரு மேசை உண்டு. நாய் அதன்மேல் நான்கு பாதங்களையும் சமமாக ஊன்றி நிற்க வேண்டும். நின்றால்தான் கோலைத் தோளின்மேல் இறக்குவார்கள். மிட்ஜ் வலது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டது. டீன் அதைப் பிடித்து அழுத்தினான், அது கத்தியது. மறுபடி அழுத்தினான். நடுவர் ஹாரியட் க்ரோஸ்டன் கண்டிப்பானவர். "நாலும் கீழ வரலேன்னா நான் அளக்க மாட்டேன். உனக்கு இன்னும் ரெண்டு நிமிஷம்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் சித்தி ஓடி வந்தார். நான் அவருக்குப் பின்னால் வந்தேன். கூடாரத்துக்குள் நுழையும்போதே, "கையை எடுடா அவ மேலேர்ந்து" என்றார். டீன் கையை எடுத்தான். மிட்ஜ் மூன்று காலில் நின்று நடுங்கியது.

அடுத்து நடந்ததற்காகத்தான் சித்தி இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை. வலியில் நிற்கும் நாயைப் பார்த்ததும் அவர் கை தானாகவே அதன் மார்புக்கடியில் போயிற்று. தோளின்மேல் இறங்கும் பாரத்தைத் தாங்கிக்கொள்வதற்காக, அள்ளித் தூக்கிக்கொண்டு போவதற்காகப் போன கை அது. ஆனால் பத்தொன்பது ஆண்டுகள் எத்தனையோ நாய்களை அதே மேசையில் அளவுக்கு நிற்க வைத்த கையும் அதுவே. இரண்டுக்கும் அசைவு ஒன்றுதான். அந்தக் கை பட்டதும் மிட்ஜின் நடுக்கம் நின்றது. தாங்க ஆள் வந்துவிட்டது என்ற நம்பிக்கையில் தூக்கியிருந்த காலை மேசையில் ஊன்றியது. க்ரோஸ்டனின் கோல் இறங்கியது.

"ஏழு" என்றார் அவர். எழுதினார்.

"இல்ல... ஹாரியட், நான் அளக்கறதுக்காகக் கை வைக்கல."

"நின்னுச்சு பெரில். நான் என் கண்ணால பாத்தேன்."

டீன் சிரித்தான். "தேங்க்ஸ் சித்தி. உன் கைக்கு மட்டும்தான் நிப்பா."

சித்தி அவனை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் இங்கே மகிழ்ச்சியோடு பதிவு செய்திருப்பேன். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நிற்க, டீன் மிட்ஜைத் தூக்கிக்கொண்டு வெளியேறினான்.

அவர் ஏன் அதன் பிறகும் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றார் என்று உறவினர் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மிட்ஜ் பாயப்போகும் இடம் அதுதான். அங்கே வேறொருவர் நிற்பதை அவர் விரும்பவில்லை. போகுமுன் டீனிடம் தெளிவாகவே சொன்னார்.

"சரியில்லாம விழுந்தா நான் அவளைத் தூக்கிடுவேன்."

"தூக்கினா ஆட்டம் போயிடும்."

"போகட்டும்."

"நீ அப்படிச் செய்ய மாட்டே. பத்தொன்பது வருஷத்துல ஒரு பந்துகூடத் தப்பா வெச்சதில்ல நீ" என்றான் டீன். அவரை அறிந்தவன் சொன்ன சொல்தான் அது. அவரிடம் இருந்த நல்லதை அவருக்கு எதிராகவே பிடித்துக்கொண்டான்.

ஐந்து சுற்றுகளில் மூன்றை வெல்வோருக்கு ஆட்டம். முதல் சுற்றில் கோலிகள் மூன்றும் தாழ்ந்த தடைகளுக்கு மேல் அம்புபோல் போய் வந்தன. நான்காவதாக மிட்ஜ். இரண்டு ஆண்டுகளாகப் படியேறக்கூடத் தூக்கிப்போக வேண்டியிருந்த நாய், காதுகள் தலையோடு ஒட்ட, நான்கு தடைகளையும் தாண்டிப் பெட்டியில் பாய்ந்தது. நான் பக்கவாட்டில் இருந்தேன், எனக்கே கேட்டது. ஓசை இரண்டாகப் பிரிந்திருந்தது. பந்தைக் கவ்விக்கொண்டு மூன்று காலில் திரும்பியது. மூன்று காலிலேயே தடைகளைத் தாண்டியது. எதிரணியின் நாய் ஒன்று பந்தைத் தவறவிட்டதால் சுற்று டீனுக்கு.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கிழட்டு நாய் நொண்டிக்கொண்டே ஜெயித்துவிட்டதாம். நாய்களை நேசிப்பதாகச் சட்டையிலேயே அச்சடித்துப் போட்டிருந்தவர்கள், கண்ணீர் மல்கக் கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த பெண், "என்ன ஒரு வீரம், பாருங்களேன்" என்றாள். அந்தக் கைதட்டலை எழுதும்போது இப்போதும் என் பேனா அழுந்துகிறது.

சித்தி கையை உயர்த்தினார். களத்தில் பந்து வைப்பவர் கை உயர்த்தினால் அதற்கு ஒரே பொருள்தான் உண்டு.

"பெட்டி பழுதா?" என்று கேட்டார் களநடுவர்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. நாய்தான் பழுது."

"அதை நாய்க்காரர்தான் சொல்லணும்மா."

நடுவர் டீனைப் பார்த்தார். டீன் கட்டைவிரலை உயர்த்தினான். விசில் ஊதப்பட்டது.

இரண்டாம் சுற்றில் மூன்று கோலிகளுக்கும் சித்தி பந்து வைத்தார். மூன்றும் சரியாக வைக்கப்பட்டன. நான்காவது பந்தை அவர் வைக்கவில்லை. அதைத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, விதிப்படி அசையாமல் நிற்க வேண்டிய இடத்தை விட்டுப் பெட்டியைச் சுற்றி முன்னால் வந்தார். தடத்தின் நடுவே முழங்காலில் அமர்ந்தார். மிட்ஜ் கடைசித் தடையைத் தாண்டியதும் பெட்டியில் பாய விடாமல் மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, கயிற்றைத் தூக்கிக் குனிந்து வெளியே போனார். இம்முறை எவரும் கைதட்டவில்லை. பக்கத்துத் தடத்து நாய்கள் மட்டும் குரைத்துக்கொண்டிருந்தன.

டீன் வேன்வரை ஓடி வந்தான். "பைத்தியமா உனக்கு? பதினோரு வருஷம்! பதினோரு வருஷம் சித்தி!"

"அவளுக்கு வயசே ஒன்பதுதான்டா."

"அது என் நாய். அட்டை என் பேர்ல. ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போறேனா இல்லையா பாரு."

"வா. வாசல்லயே இருக்கேன். வா."

அன்று மாலையே மருத்துவரிடம் போனோம். தோளில் தசைநார் பாதி கிழிந்திருந்தது. அறுவை செய்யலாம், ஓடவே முடியாது, நடப்பது சந்தேகம் என்றார்.

சித்தி வீட்டுக்கு வந்து சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஓடும் நாயைத் தடத்தில் புகுந்து தூக்கியதாகவும், தெரிந்தே செய்ததாகவும் அதில் இருந்தது. அன்று காலை அளவுமேசையில் நொண்டி நாய் ஒன்றுக்குத் தான் கை கொடுத்ததால் அந்த அளவு செல்லாது என்றும் எழுதி, தோளின் எக்ஸ்ரேயைச் சேர்த்து அனுப்பினார். டீனைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"நான் செஞ்சதை நான் எழுதிட்டேன். அவன் செஞ்சதை அவன் எழுதட்டும்."

அவன் எழுதவில்லை என்பதால்தான் நான் எழுதுகிறேன்.

ஞாயிறன்று சித்தி காலையிலேயே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் என்னிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவன் ஐந்து வயதில் செய்த திருட்டுத்தனம் வரை பட்டியலில் இருந்தது. அவன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் உட்கார்ந்தார். இடையில் மிட்ஜுக்கு அறுவை நடந்தது. மூன்றாவது வாரம் சங்கத்தின் பதில் இருவருக்கும் போயிற்று. மிட்ஜின் பெயர் பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீக்கப்பட்டது. சித்தி இரண்டு ஆண்டுகளுக்குக் களத்துக்குள் கால் வைக்கக் கூடாது. எந்த நாய் ஓடும் என்பதைப் பொறுப்போடு முடிவு செய்யுமாறு டீனுக்கு அறிவுரை. பத்தொன்பது ஆண்டுகள் சேர்ந்து நின்றவர்களில் ஒருவர்கூடச் சித்திக்குத் தொலைபேசவில்லை. ஸ்லேட்டைக் கொண்டுவந்து விட்டுப்போன பெண், சாலையில் சித்தியை எதிரே கண்டதும் மறுபுறம் கடந்து போனாள்.

ஆகஸ்டில் கடைத்தெரு வண்டி நிறுத்தத்தில் டீனைச் சந்தித்தேன். மூட்டை மூட்டையாக நாய்த்தீனி ஏற்றிக்கொண்டிருந்தான்.

"சித்தி இன்னும் கோவமா இருக்காளா?" என்றான்.

"மிட்ஜ் எப்படி இருக்குன்னு கேளுடா."

உண்மையிலேயே விளங்காதவனாக என்னைப் பார்த்தான். "அதான் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்களே" என்றான்.

இதைச் சித்தியிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மறைப்பது என் வழக்கமல்ல என்பதால் போய்ச் சொன்னேன். அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து மிட்ஜின் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க சித்தி. நீங்க ஜெயிச்சுட்டீங்க. இனிமே இவ உங்களோடதுதான். யாரும் கேக்க மாட்டாங்க" என்றேன்.

"ஜெயிச்சேனா?" ஈரத் துணியை வாளிக்குள் எறிந்தார், தண்ணீர் என் காலில் தெறித்தது. "ரெண்டு ஞாயித்துக்கிழமை வாசல்ல உக்காந்தேன்டி. வருவான், கத்துவான், கதவை இடிப்பான், மூஞ்சியில அறையலாம்னு உக்காந்திருந்தேன். ஆறு வருஷம் அவனுக்காக ஓடின நாய். திருடிட்டுப் போறதுக்காவது வந்திருக்கலாம்ல அவன்?"